ஓ.டி.பி. பாறை

இரும்பை மாகாளேஸ்வரர் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி, பெற்ற பிள்ளை தலையில் கை வைக்கச் சொன்னாலும் சரி, இதில் வருகிற ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எருமை வருகிற இடத்தில் மட்டும் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். அந்த எருமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் மேல்சித்தாமூர்ப் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர் அது. அங்கே செல்போன் சிக்னல் வீட்டுக்குள் வராது, தெருவில் வராது, கோயில் வாசலில் அமாவாசைக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். ஊருக்கு மேற்கே மல்லாட்டைக் கொல்லைகளுக்கு, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு, நடுவில் யானை படுத்துக் கிடப்பதுபோல ஒரு பாறை உண்டு. மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த ராஜா இந்தப் பக்கம் வந்திருந்தால் இதையும் விட்டிருக்கமாட்டான். அவன் வராததால் பாறை முழுசாக மிஞ்சியது. சிக்னல் அதன் உச்சியில்தான். காலையில் இரண்டு கோடு காட்டும். வெயில் ஏறிக் கல் காய்ந்தால் மூன்று. சித்திரை உச்சியில் ஐந்து கோடும் வரும், ஆனால் அப்போது அங்கே நிற்க யாருக்கும் உள்ளங்கால் கிடையாது.

ஊரில் பதினோரு வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்கள் தங்கள் கணக்கிலிருந்து பத்து ரூபாய் எடுக்கவேண்டும் என்றாலும் வங்கி முதலில் ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை அனுப்பும். அது போய்ச் சேருவது அவர்களுடைய இந்திய நம்பருக்கு. அந்த சிம்மை அங்கே கொண்டுபோனால் செலவு தாளாது என்று எல்லோரும் வீட்டில் விட்டுப் போயிருந்தார்கள். ஆகவே மஸ்கட்டிலும் குவைத்திலும் உட்கார்ந்து அவர்கள் பட்டனைத் தட்டினால், எண் இங்கே பாறைமேல் வந்து விழும். பொண்டாட்டிகள் ஏறி நின்று படித்துச் சொல்லவேண்டும். பத்து நிமிஷம் தாண்டினால் எண் செத்துவிடும். அதனால் பாறைக்கு ஓ.டி.பி. பாறை என்று பெயராகி, யார் எப்போது ஏறுவது என்று நேரம்கூடப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எருமை பூமாலையுடையது. பூமாலையின் புருஷன் குவைத்தில் டிரைவர். ஒருநாள் அவள் தவிட்டுத் தொட்டியில் போனைப் போட்டுவிட, எருமை அதைத் தவிட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டது. அன்றைக்குப் பார்த்து அவன் வண்டித் தவணை கட்டவேண்டிய நாள். வேறு வழியில்லாமல் நாலு பேர் முன்னால் இழுக்க, மூன்று பேர் பின்னால் தள்ள, எருமையைப் பாறைமேல் ஏற்றினார்கள். உச்சியில் நின்றதும் அதன் வயிற்றுக்குள் டிங் என்று மெசேஜ் வந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. எண்ணைத்தான் படிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் போன் வெளியே வந்தபோது பாதி சார்ஜ் மிச்சமிருந்தது.

பூமாலைக்கு அடுத்த வீடு வேணியுடையது. வேணிக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். அதில் புருஷன் தென்னரசோடு அவள் இருந்தது தொண்ணூற்றேழு நாள். கல்யாணத்துக்குப் பிறகு நாற்பத்தோரு நாள், அப்புறம் இரண்டு லீவு. தென்னரசு மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ஏசி குழாய் மாட்டுகிறவன். வேலையில் கெட்டிக்காரன். பேச்சுதான் வராது. பெண் பார்க்க வந்த அன்று அவளிடம் தனியாகப் பேசச் சொல்லி அனுப்பியதற்கு, "மோட்டாரு எத்தினி ஹெச்பி?" என்று கிணற்றைக் காட்டிக் கேட்டுவிட்டு வந்தவன். அவன் சும்மா போன் செய்து 'எப்படி இருக்கே' என்று கேட்பான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கேட்கவுமில்லை. ஓ.டி.பி. வேண்டும்போது கூப்பிடுவான்.

வேணி அதைப் பிடித்துக்கொண்டாள். ஆறு எண்களையும் அவள் ஒரே மூச்சில் சொன்னதே கிடையாது.

"இன்னா வேணி, வந்துச்சா?"

"வந்துச்சு. நாலு. சாப்டீங்களா?"

"ஆச்சு. அப்பால?"

"இன்னா சாப்டீங்க?"

"நம்பரு சொல்லுமே."

"எட்டு. இன்னா சாப்டீங்கன்னு கேட்டேன்."

"குபூஸு ரொட்டி, பருப்பு."

"நேத்தும் பருப்புதான சொன்னீங்க? ஒண்ணு. முதுகு வலி எப்பிடி இருக்குது?"

"இருக்குது. ஜல்தி சொல்லு, பைசா ஓடுது."

"ஓடட்டும். மறுபடியும் ஒண்ணு. நம்ம கொல்லையில பூ எறங்கிடுச்சு. இந்த வாட்டி காய் நல்லா புடிக்கும்னு பெருமாள் சொன்னாரு."

"எந்தப் பெருமாளு?"

"டிராக்டர் பெருமாளு. ஆறு. தலைக்கு எண்ணெ வைக்கிறீங்களா?"

"வெக்கிறேன். கடைசி நம்பரு?"

கடைசி எண்ணைச் சொல்ல மட்டும் அவளுக்கு நாக்கு எழாது. அதைச் சொன்னதும் "சரி, வெச்சுர்றேன்" என்பான். போன் அணைந்து, பாறையும் காற்றும் மட்டும் மிஞ்சும்.

கீழே வந்தால் மாமியார் கெங்கம்மாள் கேப்பைக் களியைக் கிண்டிக்கொண்டே காத்திருப்பாள்.

"ஆறு நம்பரு சொல்றதுக்கு அர மணி நேரமாடி? அந்த நேரத்துல நான் ஆறு புள்ள பெத்துட்டு வந்திருப்பேன்."

"சிக்னலு வுட்டு வுட்டு வருதுங்க அத்தை."

"இவனும்தான் இன்னாத்துக்கு இப்பிடிப் பண்ணிக்கினு இருக்கான்? மொத்தமா அஞ்சாயிரம் அனுப்புனா ஆவாதா? கேஸுக்குத் தனியா, என் மாத்திரைக்குத் தனியா, கரண்டு பில்லுக்கு நூறு நூறாப் பிச்சுப் பிச்சு... பேஜாரு புடிச்சவன். பிச்சக்காரனுக்குப் போடுற மாதிரி போட்டுக்கினு இருக்கான்."

"அவரு கணக்கா செலவு பண்றவருங்க."

"ஆமா, அவங்கப்பன் பெரிய கணக்குப்புள்ள."

டச் போன் வாங்கித் தருவதாகத் தென்னரசு இரண்டு தடவை சொன்னான். வேணி வேண்டாம் என்றுவிட்டாள். டச் போனில் ஓ.டி.பி. வந்தால் அதுவே புருஷனுக்குப் போய்ச் சேரும்படி செய்துவிடலாம் என்று திண்டிவனத்தில் ரீசார்ஜ் கடைக்காரன் சொல்லியிருந்தான். அப்படி ஒரு சாமானை வீட்டுக்குள் விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். பட்டன் போனின் தேய்ந்த ஐந்துக்கு நகப்பாலிஷால் புள்ளி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மார்கழியில், பனியில் கண் மறைத்து ஆறை ஒன்பது என்று சொல்லிவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் தென்னரசு மறுபடி கூப்பிட்டான். "தப்பாம் வேணி. வேற நம்பரு வந்திருக்கும் பாரு." அன்றைக்கு ஒரே நாளில் இரண்டு தடவை பேசினார்கள். இரண்டாவது தடவை அவன், "அங்க குளுருதா?" என்றுகூடக் கேட்டான். அவனாகக் கேட்ட முதல் கேள்வி அது. வேணி அன்றிரவு கம்பளியைப் போர்த்தாமல் படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு எண் தப்பாகச் சொன்னாள். அப்புறம் இரண்டு. கடைசி எண்ணைத்தான் மாற்றுவாள், ஒன்று கூட்டியோ ஒன்று குறைத்தோ. கூட்டினால் அவன் முதுகு வலி கூடிவிடும் என்று ஒரு பயம் வந்து, பிறகு குறைத்தே சொன்னாள்.

இந்தப் பங்குனியில் மல்லாட்டை பிடுங்கினார்கள். கொடியைப் பிடுங்கி மண் உதறிக் குவித்ததும், பந்தலுக்குக் கீழே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்ந்தார்கள். காய்ந்த கொடியின் தூசி மூக்கில் ஏறியது. வெல்லமும் மல்லாட்டையும் ஒன்றாக மென்றபடி ஊர்க்கதை போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் வெயில் தாழ்ந்தபோது இடுப்பில் இருந்த போனோடு வேணி பாறைக்குப் போனாள். அவளுடைய நேரம் ஆறிலிருந்து ஆறரை.

ஏறியதும் டிங் என்றது. கூடவே அழைப்பும் வந்தது.

"வேணி, ஜல்தி சொல்லு. இது முக்கியமானது."

இப்படி அவன் சொன்னதில்லை. முக்கியம் என்றால் இன்னும் ஒரு தடவை கட்டாயம் கூப்பிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. ஏழு, மூன்று, பூஜ்யம், ஐந்து, ஐந்து என்று கேள்விகளோடு சேர்த்துச் சொல்லி, கடைசியில் இருந்த இரண்டை ஒன்று என்றாள்.

"தப்பாம்."

"அப்டியா? வேற வருதா பாக்குறேன் இருங்க."

அவள் போனைக் காதிலிருந்து எடுப்பதற்குள் இரண்டாவது வந்தது. அதிலும் ஒன்று குறைத்தாள். மூன்றாவதிலும் குறைத்தாள். அந்த மூன்று எண்ணுக்குள், கொல்லையில் எத்தனை மூட்டை தேறும் என்பதும், பூமாலை எருமை மறுபடி சினையாக இருப்பதும், தெருவில் சிமெண்டு போடுவதும் முடிந்துவிட்டது.

"மூணு வாட்டி தப்பாப் போச்சுன்னா அக்கவுண்டு லாக்கு ஆயிடும், தெரியுமா உனக்கு?" என்றான் தென்னரசு.

"இன்னாத்துக்கு இன்னிக்கு இவ்ளோ அவசரம்? கேஸுக்கா?"

"டிக்கெட்டுக்கு. வைகாசியில ஊருக்கு வர்றதுக்கு. கம்மி ரேட்டு இன்னியோட முடியுது."

வேணி வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

மூன்றாவது எண் போனில் அப்படியே இருந்தது, சரியான கடைசி எண்ணோடு. அவள் அதைப் பாறைமேல் நின்று சத்தமாகச் சொன்னாள். காய் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்க்கும்படி திரும்பத் திரும்பச் சொன்னாள். பத்து நிமிஷமும் சொன்னாள். பிறகு அது செத்துப்போனது.

மறுநாள் அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. திண்டிவனம் போய் வெளிநாட்டுக்குப் பேசக் காசு போட்டுக்கொண்டு வந்து கூப்பிட்டாள். சுவிட்ச் ஆப். மல்லாட்டை காய்ந்தது, மூட்டை பிடித்தார்கள், வியாபாரி வந்து எடை போட்டுக்கொண்டு போனான். வேணி மற்றவர்கள் நேரத்திலும் பாறையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் பூமாலை மேலே ஏறிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வேணி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அடிப்பாவி! ரெண்டு வருசமாவா?" பூமாலைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "நான் ஒருத்திதான் இப்பிடின்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"நீங்களும் தப்பா சொல்வீங்களாக்கா?"

"எங்க ஆளு கிட்ட தப்பா சொன்னா கெட்ட வார்த்தைல திட்டும். எருமை தானாவா போனை முழுங்கும்னு நெனச்சே? நான்தான் தவிட்டுல வெச்சேன். நம்பரு கெடைக்கலன்னா ஒரு வார்த்த வூட்டைப் பத்தி விசாரிப்பான் இல்ல? போன் வெளிய வந்த அன்னிக்குக் கூப்பிட்டு, எருமை நல்லா கீதான்னு கேட்டான்." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "சரி வுடு. லாக்கு ஆனா பேங்க்குக்குப் போயி எழுதிக் குடுத்தா தொறந்து வுடுவாங்களாம். அக்கவுண்டு ஆரம்பிக்கச் சொல்லோ உன் கையெழுத்தும் வாங்கினாங்க இல்ல? நீ போ."

"போயி இன்னான்னு சொல்றது?"

"பண்ணதச் சொல்லு. பேங்க்காரங்க பாக்காத திருட்டா?"

கணக்கு விழுப்புரம் கிளையில் இருந்தது. விடிந்ததும் கிளம்பினாள். கெங்கம்மாள் ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டையைக் கட்டிக் கையில் திணித்தாள்.

"ஆபீசரம்மா கைல குடு. வாய் அசைஞ்சாதான் வேலை அசையும்." பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "அவன் எடம் மாறி கீறானா, உசுரோட கீறானா, எதனா ஒண்ணு கேட்டுக்கினு வா" என்றாள். களி கிண்டிக்கொண்டே ஏசுகிறபோது வருகிற குரல் இல்லை அது.

திண்டிவனத்தில் பஸ் மாறி, விழுப்புரத்தில் இறங்கி போனை எடுத்துப் பார்த்தாள். வெறும் தரையில் நிற்கும்போதே ஐந்து கோடு இருந்தது. நம்பாமல் இரண்டு அடி தள்ளி நின்றும் பார்த்தாள். அங்கேயும் ஐந்து.

வங்கியில் கலைப்பிரியா என்ற சின்ன வயது ஆபீசர் உட்கார்ந்திருந்தாள். வேணி பாஸ்புக்கையும் ஆதாரையும் மல்லாட்டைப் பையையும் மேஜைமேல் வைத்தாள்.

"மேடம், எங்க வூட்டுக்காரரு அக்கவுண்ட நான் லாக்கு பண்ணிட்டேன்."

"நீங்களா? எப்படிம்மா?"

"ஓடிபிய தப்பா சொன்னேன். மூணு வாட்டி. வேணும்னேதான் சொன்னேன்."

கலைப்பிரியா தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். சுவரில் தொங்கிய அறிவிப்பைக் காட்டினாள். "ஓடிபிய யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு இவ்ளோ பெருசா போட்டிருக்கோமே, பாக்கலையா?"

"வூட்டுக்காரருகிட்டயும் கூடாதுன்னு அதுல இல்லீங்களே."

ஆபீசர் பாஸ்புக்கைத் தன் பக்கம் இழுத்தாள். கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஒரு மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"லாக் எதுவும் ஆகலையேம்மா."

"நல்லா பாருங்க மேடம். பத்து நாளு முன்ன, சாயங்காலம் ஆறு மணிக்கு."

"பாத்துட்டேன். டிக்கெட்டுக்குப் பணம் போயிருக்கு. முதல் ஓடிபியிலயே போயிருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு, நூறு ரூபா நூறு ரூபா. அதுவும் சரியாதான் விழுந்திருக்கு."

"தப்பா சொன்னேங்களே!"

"நீங்க என்ன சொன்னீங்களோ தெரியல. அஞ்சு வருஷத்துல இந்தக் கணக்குல ஒரு ஓடிபிகூட தப்பா போட்டதா பதிவே இல்ல. எல்லாம் முதல் தடவையே சரி." திரையில் விரலை வைத்தாள். "டிக்கெட் பணம் மட்டும் நாலு நாள் முன்னாடி திரும்பி வந்திருக்கு. கேன்சல் பண்ணியிருக்காரு, கொஞ்சம் புடிச்சிக்கிட்டு மீதிய குடுத்திருக்காங்க."

வேணி எட்டி அந்தத் திரையைத் தானும் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் கலைப்பிரியா. "கரண்டு பில்லை யாராவது அஞ்சு தடவையா கட்டுவாங்களா? மாசம் நாப்பது தடவை பணம் போடறாரு உங்க வீட்டுக்காரர். எதுக்கு?"

"அவரு கணக்கா செலவு பண்றவருங்க" என்றாள் வேணி. வழக்கமாகச் சொல்வதுதான். சொன்ன பிறகுதான் அது அவளுக்கே முதல் தடவையாகக் கேட்டது.

வெளியே வந்து கரும்புச்சாறு வண்டி நிழலில் நின்றாள். பஸ்கள் ஊதிக்கொண்டு போயின. இடுப்பில் டிங் என்றது. எடுப்பதற்குள் அழைப்பும் வந்துவிட்டது.

"வேணி."

"ம்."

"எப்பிடி இருக்கே?"

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"டிக்கெட்டு எடுத்துட்டேன்" என்றான் தென்னரசு. "அப்பால லீவக் கேன்சல் பண்ணிட்டானுங்க. ஆளு பத்தலயாம். துக்கும்னு ஒரு எடத்துக்கு அனுப்பிட்டானுங்க. ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் மணலு. டவரே கெடையாது."

"பத்து நாளுமா டவர் இல்ல?"

"அஞ்சு நாளு."

"மீதி அஞ்சு நாளு?"

பைசா ஓடியது. இரண்டு பேரும் அதை ஓட விட்டார்கள்.

"வர்றேன்னு சொல்லிட்டு, வரலன்னு எப்பிடிச் சொல்றது" என்றான். மனசில் இருந்ததை அவன் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

"எப்பதான் வருவீங்க?"

"தைக்குக் கேட்டிருக்கேன். குடுப்பானான்னு தெரியல." தொண்டையைச் செருமிக்கொண்டான். "அம்மாவுக்கு மாத்திரைக்குப் பணம் போடணும். நம்பரு வந்திருக்கும் பாரு."

வேணி போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இந்தத் தடவை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒன்பது, இரண்டு, ஆறு, பூஜ்யம், நாலு, எட்டு. ஒரே மூச்சில், ஒன்றும் குறைக்காமல், தாலி கட்டியவனிடம் சொல்லவேண்டிய மாதிரி சுத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, 'சரி, வெச்சுர்றேன்' என்று அவன் சொல்வதற்காகக் கண்ணை மூடிக்கொண்டாள்.



"தப்பாம் வேணி" என்றான் தென்னரசு.

அவள் கண்ணைத் திறந்து மெசேஜைப் பார்த்தாள். ஒன்பது, இரண்டு, ஆறு, பூஜ்யம், நாலு, எட்டு. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கரும்புச்சாறுக்காரன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எதற்கென்று தெரியாமலே தானும் சிரித்தான்.

"அப்டியா? சரி, வேற அனுப்பச் சொல்லுங்க. நான் இங்கதான் நின்னுக்கினு இருக்கேன்."

"பாறைமேலயா?"

"பாறைமேலதான்."

"பஸ்ஸு சத்தம் கேக்குது?"

"பாறைக்குப் பக்கத்துல ரோடு போட்டுட்டாங்க" என்றாள் வேணி. "சாப்டீங்களா?"

அந்த வங்கியில், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கணக்குக்கு அனுப்பும் ஓ.டி.பி. செல்போனுக்கு வருகிற அதே நொடியில் அவர்களுடைய ஈமெயிலுக்கும் போகிறது. தென்னரசுக்கு அது கணக்கு ஆரம்பித்த முதல் நாளிலிருந்தே போய்க்கொண்டிருந்தது.